காரணம் தபாலில்

திருகோணமலைத் துறைமுகத்தடித் தபால் கந்தோரில், தந்தி கொடுக்கிற கம்பி யன்னலுக்குப் பின்னால் ஒருவர் இருந்தார். நெடுநெடுவென்று உயரம், கஞ்சி போட்ட பருத்திச் சேலை, காதுக்குமேல் செருகிய ஒரு சிவப்புப் பென்சில். ஊர் அவரைத் தந்தி மிஸ் என்றது. பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அவர் ஏன் என்று கேட்கமாட்டார். பேசாமல் பென்சிலை எடுத்து அதன்மேல் ஒரு கோடு இழுத்துவிடுவார்.

அந்தப் பென்சிலுக்குத் தப்பிய தந்தி அந்தக் கந்தோரிலிருந்து போனதில்லை. நீங்கள் படிவத்தை நிரப்பி உள்ளே நீட்டுவீர்கள். நின்றபடியே வாசிப்பார். சர் சர் என்று கோடு விழும். திருப்பி உங்கள் பக்கம் தள்ளி, "இது காணும்" என்பார். இருபது சொல்லோடு போனவர் ஐந்து சொல்லை அனுப்பிவிட்டு வெளியே வந்து, தனக்கு நடந்தது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் படியில் கொஞ்சநேரம் நிற்பார்.

சனங்கள் அவர் தங்களுக்குக் காசு மிச்சம் பிடித்துத் தருகிறார் என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒருநாள் முத்திரை வாங்கப் போனபோது எனக்கு முன்னால் இறக்கக்கண்டிக்காரர் ஒருவர் நின்றார். கடற்றொழில் செய்பவர். மன்னாரில் இருக்கிற தமையனின் மகளுக்கு அன்று கலியாணம். இவரால் போக முடியவில்லை. இயந்திரம் பழுது, சின்னவனுக்குக் காய்ச்சல், பஸ் தவறிவிட்டது, கூட்டாளி ஏமாற்றிவிட்டான் என்று படிவம் நிறைய எழுதியிருந்தார். கோடுகள் விழுந்து முடிய "வரவில்லை, மன்னியுங்கள்" என்று இரண்டு சொல் மிஞ்சியது.

"மிஸ், நான் ஏன் வரேல்லை எண்டு அண்ணைக்குத் தெரியவேணுமெல்லோ?"

"காரணம் தபாலில போகட்டும். தந்தியில முடிவு."

அவர் அந்த இரண்டு சொல்லையும் கனநேரம் பார்த்தார். "நாங்கள் ரெண்டு பேரும் எட்டு வருஷமாக் கதைக்கிறேல்லை, மிஸ்," என்றார். பிறகு, "இதையே அனுப்புங்கோ" என்று சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார். அன்றைக்குத்தான் கவனித்தேன். தந்தி மிஸ் வெட்டுவது சொற்களை அல்ல, காரணங்களை.

அவருடைய சீவியமே அப்படித்தான் நடந்தது. லீவு கேட்டு "நாளைக்கு வரமாட்டேன்" என்று எழுதிக் கொடுப்பார். தபால் அதிபர் "காரணம்?" என்று குறித்துத் திருப்பி அனுப்பினால், அதற்குக் கீழே "நாளைக்கு மட்டும்" என்று எழுதி மறுபடி அனுப்புவார். கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு அவருக்குப் பின்னால் நிற்க ஆட்கள் அடிபடுவார்கள். நாங்கள் எல்லாரும் செய்த பாவத்தைவிட அதைச் செய்யவேண்டி வந்த கதையைத்தான் சுவாமியாருக்கு நீட்டி முழக்குவோம். தந்தி மிஸ் முழங்காலில் நின்ற சூட்டோடு எழும்பி வந்துவிடுவார். ஒருதரம் பெண் பார்க்க வந்தவர்கள் பலகாரம் சாப்பிட்டு முடியும்வரை பொறுத்திருந்து, "எனக்கு விருப்பமில்லை" என்றாராம். வந்தவர்கள் மிச்சத்துக்காகக் காத்திருந்தார்கள். மிச்சம் வரவில்லை. கடைசியில் மாப்பிள்ளையின் தாயே, "சரி, வெயில் ஏற முதல் வெளிக்கிடுவம்" என்று கதிரையை விட்டு எழும்பினா.

நானோ, காரணம் சொல்லாமல் ஒரு மிடறு தண்ணீர் குடிக்காதவள். அவரைக் கண்டால் எனக்குப் பயமும் சிரிப்பும் சேர்ந்தே வரும்.

வெட்டத்தான் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் ஊரில் தந்தி என்றால் சாவு. தந்திச் சேவகரின் சைக்கிள் மணி ஒழுங்கை முகப்பில் கேட்டாலே பெண்கள் குசினியை விட்டு நெஞ்சில் கைவைத்துக்கொண்டு ஓடி வருவார்கள். மகன் சோதனை பாசான தந்திக்குக்கூட முதலில் அழுது முடித்துவிட்டுத்தான் உறையைக் கிழிப்பார்கள். தந்தி மிஸ்ஸுக்கு அது பொறுக்கவில்லை. சாவு இல்லாத தந்தியாக இருந்தால் உறையின் மூலையில் சிவப்புப் பென்சிலால் "சுகம்" என்று எழுதிவிடத் தொடங்கினார். உறைக்கு வெளியே அப்படி ஒன்றும் எழுதக்கூடாது என்பது சட்டம். மேலிடத்திலிருந்து ஒருவர் வந்து கண்டித்தார். தந்தி மிஸ் "சரி" என்று கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து இன்னும் சின்ன எழுத்தில் எழுதினார்.

அவர் செய்த பிழை ஒன்றும் ஊருக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் லீவு எடுக்கிற ஆணும் பெண்ணும் தந்தியில் எழுதுகிற வசனம் ஒன்றுதான்: தாய்க்குச் சுகமில்லை. தேர் பார்க்க நின்றாலும் தாய்க்குச் சுகமில்லை, பந்தடி பார்க்க நின்றாலும் தாய்க்குச் சுகமில்லை. எங்கள் ஊர்த் தாய்மார் எல்லாரையும் அவர் வருஷக்கணக்காக வெட்டி வெட்டிச் சுகமாக்கிக்கொண்டிருந்தார். குறிஞ்சாக்கேணியிலிருந்து ஒருவர் வந்தார், கொழும்பில் துணிக்கடை ஒன்றில் வேலை. அவருடைய உம்மாவையும் அதே கையோடு வெட்டிவிட்டு, "வியாழக்கிழமை வருவேன்" என்பதை மட்டும் அனுப்பினார். உம்மா உண்மையிலேயே பாயோடு கிடந்தா. காரணம் சொல்லாமல் நின்றவன் என்று கடை முதலாளி அவரை விலக்கிவிட்டார்.

விஷயம் காதுக்கு எட்டிய அன்றே தந்தி மிஸ் "மத்தியானம் இருக்கமாட்டேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பாதை என்கிற மிதவைப் படகில் ஏறித் தண்ணீர் கடந்து குறிஞ்சாக்கேணிக்குப் போனார். அந்த உம்மாவுக்குப் பக்கத்தில் பின்னேரம்வரை இருந்தார். திரும்பி வந்து முதலாளிக்கு நாலு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினார். முழுக்க முழுக்கக் காரணம். அந்த மனுசனுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அதற்குப் பிறகும் வெட்டுவதை அவர் நிறுத்தவில்லை. ஆனால் வருத்தக்காரர், நோயாளி என்று யாராவது படிவத்தில் வந்தால் பென்சிலை நிறுத்தி, "மெய்யோ?" என்று ஒருதரம் கேட்பார்.

இனி என் கதை.

எழுபதுகளின் தொடக்கம் அது. மலைநாட்டில் நாலு வருஷம் விலங்கியல் படித்து, நல்ல பெறுபேற்றோடு வீட்டுக்கு வந்திருந்தேன். வடக்கே ஒரு குளிர் நாட்டில் கடல் உயிரியல் மேற்படிப்புக்கு, செலவெல்லாம் அவர்களுடையது என்று இடம் கிடைத்தது. ஒக்டோபரில் தொடக்கம். வருகிறேனா இல்லையா என்று செப்ரெம்பர் நடுவுக்குள் பேராசிரியருக்கு அறிவிக்கவேண்டும். துறைமுகக் களஞ்சியத்தில் கிளாக்கராக இருந்த அப்பா அந்தக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு காண்கிறவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டினார். நானும் போகத்தான் துடித்துக்கொண்டிருந்தேன். ஓகஸ்ட் கடைசி ஞாயிறுவரை.

அன்று மூதூரில் படிப்பிக்கிற சிநேகிதியைப் பார்க்கக் குடாவைக் கடக்கிற லோஞ்சில் போனேன். மூதூரில் கலியாணம் செய்திருந்த தங்கையிடம் போவதற்காகத் தந்தி மிஸ்ஸும் அதே லோஞ்சில் குடையோடு இருந்தார். கச்சான் காற்று அடங்கிக் கடல் அசையாமல் கிடந்தது. குடாவின் நடுவுக்கு வந்திருப்போம். பக்கத்தில் பெரிய புகையிரதம் ஒன்று ஆவி விட்டதுபோல ஒரு சத்தம். திரும்பினால், தென்னை உயரத்துக்குத் தண்ணீர்ப்புகை நிற்கிறது.

பிறகு முதுகு வந்தது. நீலமா சாம்பலா என்று சொல்ல ஏலாத நிறம். முதுகு வந்தது, இன்னும் வந்தது, வந்துகொண்டே இருந்தது. இது எங்கே முடியும் என்று பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து நொந்தது. லோஞ்சில் ஒரு மூதூர் வியாபாரி அல்லாவைக் கூப்பிட்டார், ஒரு அம்மா சிலுவை போட்டா, இன்னொருவர் கோணேசரைக் கூப்பிட்டார், எல்லாரும் ஒரே பக்கத்துக்கு ஓடினார்கள். லோஞ்சு சரிந்தது.

"ஒரு பக்கம் நில்லாதேங்கோ!" என்று ஓட்டி கத்தினார். "உங்கள் எல்லாரையும் அதுக்குத் தீனி போட்டுட்டு நான் மட்டும் மூதூருக்குப் போய் என்ன கதை சொல்லுறது?"

நாலு வருஷம் விலங்கியல் படித்தவள் நான். அதன் எலும்பை எண்ணிப் படம் கீறிப் புள்ளி வாங்கியவள். ஒன்றும் வாயில் வராமல் "அம்மா, அம்மா" என்று துள்ளிக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு," என்றார் தந்தி மிஸ்.

"என்ன, மிஸ்?"

"குட்டியும் நிக்குது. அங்காலப் பக்கம்."

அந்த அமளியில் எண்ணியவர் அவர் ஒருவர்தான். அங்காலப் பக்கம் சின்ன முதுகு ஒன்று, சின்னது என்றாலும் எங்கள் லோஞ்சின் பாதி, தாயோடு ஒட்டியபடி போய்க்கொண்டிருந்தது. அவருடைய கண் அன்றைக்கு மினுங்கினதை நான் பார்த்தேன். கையில் இருந்த குடையை எங்கே வைத்தேன் என்று மூதூரில் இறங்கும்போது தேடினார்.

ஓட்டியைப் பிடித்துக்கொண்டேன். "இது எந்த மாசத்தில வாறது?"

"அது வரேக்க வரும், தங்கச்சி."

மூதூரில் கேட்டேன், தை மாதம் என்றார்கள். இறக்கக்கண்டியில் கேட்டேன், சித்திரை என்றார்கள். இன்னொருவர் வருஷம் முழுக்க நிற்கும் என்று சத்தியம் செய்தார். என்னுடைய புத்தகம் ஒன்றிலும் எங்கள் கடலைப் பற்றி ஒரு வரி இல்லை. அடுத்த நாளே ஒரு அப்பியாசக் கொப்பி வாங்கி, அப்பாவின் சிநேகிதர் ஒருவரிடம் தூரக்கண்ணாடி இரவல் எடுத்து, கோட்டைக்குள்ளால் ஏறி, கோணேசர் கோயில் இருக்கிற சுவாமிமலையின் கடல் விளிம்பில் போய் நின்றேன். இரண்டு கிழமைக்குள் ஒன்பது கண்டேன். ஒவ்வொன்றுக்கும் நேரம், திசை, போன பக்கம். சாப்பாடு இறங்கவில்லை. எனக்கு ஒரு வருஷம் வேண்டும், கச்சானும் வாடையும் மாறி மாறி அடிக்கிற ஒரு முழு வருஷம், அப்போதுதான் இவை எப்போது வருகின்றன, எப்போது போகின்றன என்று சொல்லலாம். உலகத்தில் அது தெரிந்த முதல் ஆளாக நான் இருப்பேன்! கடல் படிக்கவென்று கடலை விட்டுவிட்டு ஓடுவதா?

வீட்டில் சொன்னேன். அப்பா புட்டைக் குழைத்த கையோடு நிமிர்ந்தார்.

"ஒரு வருஷம் எண்டு நிண்ட ஆக்களில பிறகு ஆர் போனவை? ஒரு ஆளைச் சொல்லு பாப்பம்."

யோசித்துப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. வங்கியில் ஒருவர், பள்ளிக்கூடத்தில் இரண்டு பேர், கலியாணம் கட்டி மூன்று பேர். எல்லாரும் ஒரு வருஷம் என்று நின்றவர்கள்தான்.

அம்மாவுக்கோ முகம் முழுக்கச் சிரிப்பு. "பிள்ளை ஆசைப்படுறாள், நிக்கட்டுமே. அதுக்கிடையில ஒரு நல்ல இடமாப் பாத்து முடிச்சுப் போடலாம். பேராசிரியருக்கு எழுது, அப்பாவுக்குக் கடும் வருத்தம் எண்டு."

"எனக்கென்ன வருத்தம்?" என்றார் அப்பா, இரண்டாம் தரம் புட்டுப் போட்டுக்கொண்டு.

என் பக்கம் நின்ற ஒரே ஆளுக்கு என் கலியாணம்தான் நோக்கம். எதிர்த்து நின்றவர் சொன்னது முழுக்க நியாயம். அந்தக் கிழமை நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. மலையில் நின்றால் நிற்கவேண்டும் போல இருக்கும். வீட்டுக்கு வந்து அந்தக் கடிதத்தைப் பார்த்தால் கப்பலுக்கு நேரம் பிந்திவிட்டது போல நெஞ்சு அடிக்கும். கடைசி நாள் மத்தியானம் தந்திப் படிவத்தோடு கம்பி யன்னலுக்கு முன்னால் நின்றேன். தந்தி போனது இங்கிலீசில்தான். இங்கே தமிழில் சொல்கிறேன். "தந்தைக்குக் கடும் சுகவீனம். வீட்டில் வேறு துணை இல்லை. இவ்வருடம் வர இயலாமைக்கு மிகவும் வருந்துகிறேன். ஒரு வருட அவகாசம் தர முடியுமா எனப் பணிவுடன் கேட்கிறேன்."

தந்தி மிஸ் வாசித்தார். பென்சில் நின்றது.

"மெய்யோ?"

"ஓம், மிஸ். கொஞ்சம்..."

"அப்பா காலமை இந்த ஏத்தத்தில சைக்கிளில போனவர். இறங்கி உருட்டக்கூட இல்லை."

கோடு விழுந்தது. வீட்டில் துணை இல்லாததும் போனது.

"வருந்துறீங்களோ?"

அந்த முதுகு நினைவுக்கு வந்தது. "இல்லை, மிஸ்," என்றேன். சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் உதடு கொஞ்சம் அசைந்தது. அதற்கும் கோடு.

மிஞ்சியது அவகாசமும் பணிவும். அதில் பென்சிலை வைத்துக்கொண்டு அவர் வெட்டாமல் நின்றார். பிறகு, அவர் ஒரு மூச்சில் அவ்வளவு கதைத்ததை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை.

"எனக்கும் இடம் கிடைச்சது, பிள்ளை. கொழும்பில, கணிதம். ஒரு வருஷம் தாங்கோ எண்டு தந்தி அடிச்சனான். ஒன்பது காரணம் எழுதினனான். ஒன்பதும் மெய். உங்கள் நிலைமை விளங்குகிறது எண்டு பதில் வந்தது. அவ்வளவுதான் வந்தது."

பின்னால் ஒருவர் செருமினார். தந்தி மிஸ் புதிய படிவம் ஒன்றை என் பக்கம் தள்ளினார்.

"நிக்கிறதெண்டால் நில்லுங்கோ. ஆனால் இதில கேள்வி இருக்கக்கூடாது. போற மாசம் இருக்கவேணும்."

எழுதினேன்: "அடுத்த ஒக்டோபரில் வருகிறேன்." மூன்று சொல். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வேர்த்தது. செலவெல்லாம் தந்து கூப்பிடுகிற ஒரு பெரிய மனிதருக்கு இப்படியா எழுதுவது? எந்தக் காரணமும் இல்லாமல்?

"மிஸ், கோவிக்காதேங்கோ. அந்தக் குறிஞ்சாக்கேணி ஆளுக்கு நடந்தது எனக்கும் நடந்தால்?"

கேட்டபிறகுதான் என்ன கேட்டேன் என்று விளங்கியது. அவருடைய முகம் சுண்டிப்போனது. படிவத்தைக் குனிந்து பார்த்தபடி இருந்தார். பிறகு பென்சிலைக் காதில் செருகினார்.

"மலையில இதுவரைக்கும் எத்தினை?"

"ஒன்பது, மிஸ்."

"ம். கையெழுத்து வையுங்கோ."

பதில் வரும்வரை நான் மலையில் நின்றதும் வீட்டில் நின்றதும் ஒன்றுதான், ஒன்றும் கண்ணில் தெரியவில்லை. ஐந்தாம் நாள் ஒழுங்கையில் சைக்கிள் மணி கேட்டது. அம்மா "ஐயோ, ஆர் போச்சினமோ!" என்று தலையில் கைவைத்தா. பக்கத்து வீட்டு மாமி அழுதுகொண்டே ஓடி வந்தா, இன்னொரு வீட்டிலிருந்து கதிரை வந்து சேர்ந்தது. நான் பாய்ந்து உறையைப் பறித்தேன். மூலையில், கண்ணுக்குப் பிடிபடாத சின்ன எழுத்தில், "சுகம்". கிழித்தேன். "இடம் உண்டு. குறிப்புகளோடு வாருங்கள்."

நான் கூவிய கூவலில் மாமி இன்னும் பலமாக அழுதா. அப்பா வந்து வாசித்தார், மறுபடி வாசித்தார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. என்ன குறிப்புகள்? பல்கலைக்கழகத்தில் எழுதிய விரிவுரைக் கொப்பிகளையா? தந்தி மிஸ்ஸிடம் போய்க் கேட்டேன். அவர் முத்திரைத் தாளைக் கிழித்தபடி, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "எல்லாத்தையும் கொண்டு போங்கோ" என்றார்.

அந்த வருஷத்தைப் போல ஒரு வருஷம் பிறகு எனக்கு வாய்க்கவில்லை. விடியத் துள்ளி எழும்புவேன். மாரியில் குடையோடு, சித்திரையில் தொப்பியோடு, ஏற முடிந்த நாளெல்லாம் சுவாமிமலை. கத்தோலிக்க வீட்டுப் பெட்டை ஒன்று தினமும் சிவன் கோயில் மலையில் நிற்கிறது என்று ஊரில் கதை கிளம்பியது. நல்ல மாப்பிள்ளைக்கு நேர்த்தி வைத்திருக்கிறாள் என்றார்கள் சிலர், சைவப் பொடியன் ஒருவனோடு தொடர்பு என்றார்கள் சிலர். பங்குச் சுவாமியார் விசாரிக்க வீட்டுக்கே வந்துவிட்டார். அவரை மலைக்குக் கூட்டிப் போய்த் தூரக்கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். ஒன்றைக் கண்டுவிட்டார். அன்று பின்னேரப் பூசைக்குப் பிந்தி வந்தார்.

மாப்பிள்ளைமாரும் வந்தார்கள். மட்டக்களப்பில் ஒரு டொக்டர், யாழ்ப்பாணத்தில் ஒரு என்ஜினியர். அம்மா ஒவ்வொருதரமும், "இன்னும் ஒரு வருஷம் தள்ளிப்போட ஏலாதோ?" என்பா. அப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "ஒக்டோபர் எண்டு தந்தி அடிச்சாச்சு" என்பார். அதோடு கதை முடியும். அப்பாவுக்கு வருத்தம் என்று எழுதியிருந்தால், அந்த வருத்தத்தை அம்மா இன்னும் பத்து வருஷத்துக்கு மாறவிட்டிருக்கமாட்டா. ஒக்டோபரோடு அவவால் சண்டை பிடிக்க முடியவில்லை. ஒக்டோபர் வந்தது, நான் போனேன். தபால் கந்தோருக்கு விடைபெறப் போன அன்று தந்தி மிஸ் யன்னலுக்குள்ளால் கையை நீட்டி என் கையைப் பிடித்து, "சரி" என்றார். பிடி நன்றாக நொந்தது.

குளிர் நாட்டில் பேராசிரியருக்கு முன்னால் ஒரு பெட்டி நிறைய விரிவுரைக் கொப்பிகளை இறக்கினேன். தவளை, கரப்பான், மண்புழு எல்லாம் இருந்தன. அவர் ஒவ்வொன்றாகப் புரட்டி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"திமிங்கிலங்கள் எங்கே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடியில் கிடந்த அப்பியாசக் கொப்பியை எடுத்துக் கொடுத்துவிட்டு, இது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் அலுமாரியைத் திறந்து என் கடிதக் கோவையை எடுத்தார். என் தந்தி அதில் ஒட்டியிருந்தது. "அடுத்த ஒக்டோபரில் வருகிறேன். இங்கே திமிங்கிலங்கள்."

ஐந்து சொல். நான் எழுதியது மூன்று.

"காரணம் இல்லாமல் வந்திருந்தால் இடத்தை அடுத்த ஆளுக்குக் கொடுத்திருப்பேன்," என்றார் அவர் சாதாரணமாக. "இந்தக் காரணத்துக்கு எப்படி மறுக்கிறது?"

ஆயுள் முழுக்க மற்றவர்களின் காரணங்களை வெட்டிய மனுசி, என் தந்தியில் ஒரு காரணத்தைத் தன் கையால் எழுதியிருக்கிறார். மேலிடத்துக்குத் தெரிந்திருந்தால் உத்தியோகமே போயிருக்கும். அந்த அறையில் நின்று நான் அழுதேன். பேராசிரியர் பயந்துபோய்த் தேத்தண்ணி போடப் போய்விட்டார்.

அன்றிரவே கடிதம் எழுதினேன், பதினொரு பக்கம். நன்றி, கோபம், ஏன் சொல்லவில்லை, ஏன் செய்தீர்கள், பிடிபட்டிருந்தால் என்ன கதி, நான் என்ன கைம்மாறு செய்வேன் என்று மனதில் வந்தது எல்லாம். ஏன் என்று மட்டும் எத்தனை தரம் கேட்டிருந்தேனோ தெரியாது. ஒரு மாதம் கழித்துத் தந்தி ஒன்று வந்தது. எங்கள் ஊர்ப் பழக்கம் விடவில்லை, உறையைக் கண்டதும் கை நெஞ்சுக்குப் போனது. மூலையில் சிவப்பு எழுத்து இருக்கிறதா என்று தேடினேன். அந்த நாட்டில் அதை எழுதிவிட ஆள் ஏது? கிழித்தேன்.

"கிடைத்தது. எத்தனை?"

சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பனிக்குள் தபால் கந்தோருக்கு ஓடினேன். படிவத்தில் தொகையை எழுதினேன். பிறகு, ஒன்றையே இரண்டு தரம் எண்ணியிருக்கலாம், மாரியில் பதினொரு நாள் மலை ஏற முடியவில்லை, தூரக்கண்ணாடியில் ஒரு பக்கம் மங்கல், ஆகையால் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று எழுதிக்கொண்டே போனேன். எழுதி முடித்து ஒருதரம் வாசித்தேன். அங்கே கட்டியிருந்த பேனையாலேயே முழுவதையும் வெட்டினேன்.

"அறுபத்திமூன்று," என்று அனுப்பினேன்.

வாசித்துவிட்டு அவருடைய கை காதடிக்குப் போயிருக்கும். வெட்டுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.